வீகன் உணவுக்கு மாறுவது எப்படி? பூமியின் பாரம் குறையும் வரிசையில் ஒரு வழிகாட்டி

வீகன் என்றும் நனிசைவம் என்றும் சொல்கிறார்கள். இறைச்சி, மீன், முட்டை கிடையாது. பால், தயிர், வெண்ணெய், நெய், சீஸ், தேன் எதுவும் கிடையாது. விலங்குகள் மீதுள்ள இரக்கத்தால் மாறுகிறவர்கள் உண்டு, உடம்புக்காக மாறுகிறவர்களும் உண்டு. இந்தக் கட்டுரை சுற்றுச்சூழலுக்காக மாற நினைக்கிறவர்களுக்கு.

காரணம் எதுவோ அதற்கேற்ப மாறும் வழியும் வேறுபடும். இரக்கத்தால் மாறுகிறவருக்கு ஒரு சொட்டுப் பாலும் பால்தான். சுற்றுச்சூழலுக்காக மாறுகிறவர் அளவைப் பார்க்க வேண்டும். ஒரு தட்டு மாட்டிறைச்சிக்கும் பிஸ்கட்டில் கலந்த ஒரு சிட்டிகைப் பால்பொடிக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நான் தொடங்கியபோது இது புரியவில்லை. முதல் மாதம் முழுக்க பாக்கெட்டுகளின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். அதே மாதத்தில் இறைச்சியை விட்ட ஏக்கத்துக்கு, தினமும் எதன் மேலாவது சீஸைத் துருவிக் கொட்டிக்கொண்டிருந்தேன். அது எவ்வளவு தலைகீழான வேலை என்று கணக்கைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

அந்தக் கணக்கு

2018இல் ஜோசப் போர், தாமஸ் நெமெசெக் என்ற இரு ஆய்வாளர்கள் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 119 நாடுகளில் ஏறத்தாழ 38,700 பண்ணைகள், 40 உணவுப்பொருள்கள். விதைப்பதிலிருந்து கடைக்கு வரும்வரை ஒவ்வொன்றும் எவ்வளவு நிலம், நீர் எடுக்கிறது, எவ்வளவு வாயுவை வெளியிடுகிறது என்று கணக்கிட்டார்கள். மனிதச் செயல்களால் வெளியாகி, பூமியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்களில் சுமார் 26 சதவீதம் உணவு சார்ந்தது. உலகின் விவசாய நிலத்தில் சுமார் 83 சதவீதம் இறைச்சி, பால், முட்டை, வளர்ப்பு மீன் ஆகியவற்றுக்குப் போகிறது. பதிலுக்கு அவற்றிலிருந்து நமக்குக் கிடைப்பது மொத்தக் கலோரியில் 18 சதவீதம், புரதத்தில் 37 சதவீதம். உலகமே தாவர உணவுக்கு மாறினால் விவசாய நிலத்தின் தேவை 76 சதவீதம் குறையும் என்கிறது அந்த ஆய்வு. ஆப்பிரிக்கக் கண்டம் அளவுக்கு நிலம் மிஞ்சும்.

இந்த வாயுக்களைப் பற்றிப் பேசும்போது 'கார்பன் டை ஆக்சைடுக்கு நிகரான கிலோ' என்ற அளவைப் பயன்படுத்துவார்கள், அதாவது எல்லா வாயுக்களையும் அதே அளவு சூடேற்றும் கார்பன் டை ஆக்சைடாக மாற்றிச் சொல்வது. இங்கே கிலோ என்று சுருக்கமாகச் சொல்கிறேன். 100 கிராம் புரதம் கிடைக்க, இறைச்சிக்கென்றே வளர்க்கும் மாட்டிலிருந்து சராசரியாக 50 கிலோ வாயு வெளியாகிறது. ஆட்டிறைச்சி 20, சீஸ் 11, பன்றி 7.6, கோழி 5.7, முட்டை 4.2. சோயா பாலைத் திரட்டிச் செய்யும் டோஃபு 2, நிலக்கடலை 1.2. பருப்பு, பயறு வகைகள் ஒன்றுக்கும் கீழே. பட்டாணி அரைக் கிலோகூட இல்லை.

சீஸ் கோழியைத் தாண்டி நிற்பதைக் கவனித்தீர்களா? ஒரு கிலோ கெட்டிச் சீஸுக்குச் சுமார் 10 லிட்டர் பால் வேண்டும். பாலுக்குப் பின்னால் மாடு நிற்கிறது. இறைச்சியை விட்டுவிட்டு அந்த இடத்தைச் சீஸாலும் வெண்ணெயாலும் நிரப்பினால், பாதி வழி போய்த் திரும்பி வந்த மாதிரிதான்.

மாடு ஏன் இப்படி?

மாடும் ஆடும் அசைபோடும் விலங்குகள். அவற்றின் இரைப்பையில் நான்கு அறைகள். முதல் அறையில் நுண்ணுயிரிகள் புல்லைப் புளிக்கவைக்கின்றன. நம்மால் செரிக்க முடியாத நாரை அவை செரிப்பது அதனால்தான். புளிக்கும்போது மீத்தேன் உண்டாகிறது. பின்பக்கமாக வருகிறது என்று பலர் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். பெரும்பகுதி ஏப்பமாக வாய்வழியே வெளியேறுகிறது. ஒரு பெரிய மாடு வருடத்துக்கு 70 முதல் 120 கிலோ மீத்தேன் வரை விடும்.

நூறு ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிட 27 மடங்குக்கு மேல் சூடேற்றும், இருபது ஆண்டுக் கணக்கில் 80 மடங்குக்கு மேல். ஆனால் அது காற்றில் சுமார் 12 ஆண்டுகள்தான் தங்கும். கார்பன் டை ஆக்சைடோ நூற்றாண்டுக் கணக்கில் கிடக்கும். அதனால் மீத்தேனைக் குறைத்தால் பலன் நம் காலத்திலேயே தெரியும்.

வாயுவைவிட எனக்கு முக்கியமாகப் படுவது நிலம்தான். விலங்குக்குத் தீவனம் விளைவித்து, அதை அது தின்று, அதன் உடம்பிலிருந்து நாம் புரதம் எடுப்பது சுற்றுவழி. மாடு தின்ற புரதத்தில் 4 சதவீதம் அளவுக்குத்தான் இறைச்சியாக நம் தட்டுக்கு வருகிறது. கோழியில் 20 சதவீதம். சோயா பயிரிடக் காட்டை அழிக்கிறார்கள், அதற்கு டோஃபு சாப்பிடுகிறவர்களே காரணம் என்று ஒரு வாதம் உண்டு. உலகில் விளையும் சோயாவில் முக்கால் பங்குக்கு மேல் கால்நடைத் தீவனமாகப் போகிறது. டோஃபு, சோயா பால் போன்ற உணவாக மனிதர் நேரடியாகச் சாப்பிடுவது சுமார் 7 சதவீதம். அமேசான் காடு அழிய முதல் காரணமே மாட்டு மேய்ச்சல் நிலம்தான்.

'புல் மேயும் மாடு என்றால் பரவாயில்லையா?' இந்தக் கேள்வி கட்டாயம் வரும். அதே ஆய்வில், மிகக் குறைந்த பாதிப்பில் உற்பத்தியான மாட்டிறைச்சிகூட, புரதத்துக்குப் புரதம் வைத்துப் பார்த்தால் பட்டாணியைவிட 6 மடங்கு வாயுவும் 36 மடங்கு நிலமும் எடுத்துக்கொண்டது. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். பயிர் எதுவும் முளைக்காத வறண்ட நிலத்தில் ஆடு மேய்த்துப் பிழைக்கிறவர்களுக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது. கடைக்குப் போய் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுத்து வாங்க முடிகிறவர்களுக்குத்தான் இது.

சரி, எங்கே தொடங்குவது?

முதல் வேலை: ஒரு வாரம் எழுதுங்கள்

எதையும் மாற்றாதீர்கள். ஒரு வாரம் வழக்கம்போலச் சாப்பிட்டு, விலங்கிலிருந்து வந்தவற்றை மட்டும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். அளவு கண்மதிப்பில் இருந்தால் போதும். என் முதல் நோட்டில் இருந்த ஒரு நாள் இது: 'காலை காபி இரண்டு முறை, பால் 300 மில்லி. மதியம் தயிர் ஒரு கிண்ணம். மாலை வெண்ணெய் பிஸ்கட் நான்கு. இரவு ரொட்டியில் சீஸ், கைப்பிடி அளவு.' அதுவரை 'நான் அதிகம் ஒன்றும் சாப்பிடுவதில்லையே' என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வாரக் கடைசியில் நோட்டை மூன்று நிறப் பேனாவால் கோடிடுங்கள். மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி சிவப்பு. சீஸ், வெண்ணெய், நெய், அதிகமாகக் குடிக்கும் பால் ஆரஞ்சு. கோழி, முட்டை, மீன் மஞ்சள். பொடிப்பொடியாகக் கலந்திருப்பவற்றுக்கு நிறமே வேண்டாம், இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

இரண்டாவது: சிவப்பிலிருந்து இறங்குங்கள்

சிவப்பு இருந்தால் முதலில் அதுதான். அது போனாலே பாரத்தின் பெரும்பகுதி போய்விடும். பிறகு ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள். ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு வாரம் கொடுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் விட்டவர்களில் சிலர் அப்படியே நிலைத்திருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சமைக்கத் தெரிந்த மாற்று கையில் இல்லாமல் விட்டால், பசிக்கிற ஒரு ராத்திரியில் பழையபடி ஆகிவிடும்.

மாட்டை விட்டுக் கோழிக்கு மாறுவதும் கணக்கில் பெரிய இறக்கம்தான். ஆனால் அங்கேயே தங்கிவிட வேண்டாம். கோழிக்கும் தீவனம் விளையும் வயல் வேண்டும், பண்ணைக் கழிவும் எங்காவது போய்ச் சேர வேண்டும். மீனில் வேறு பிரச்சினை. கடலடியை வாரிக்கொண்டு வரும் இழுவலையில், வேண்டிய மீனோடு வேண்டாத உயிர்களும் சேர்ந்து மாட்டிச் சாகின்றன.

மூன்றாவது: அந்த இடத்தில் பருப்பை வையுங்கள்

புதிதாக மாறுகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். இறைச்சியை எடுத்துவிட்டு மீதியிருந்த காய்கறியையும் சோற்றையும் மட்டும் சாப்பிடுவார்கள். இரண்டு வாரத்தில் சோர்வு, எந்நேரமும் பசி, 'எனக்கு இது ஒத்துவரவில்லை' என்ற தீர்ப்பு. எடுத்த இடத்தில் புரதம் வர வேண்டும். பருப்பு, பயறு, கொண்டைக்கடலை, பட்டாணி, ராஜ்மா, சோயா, நிலக்கடலை இவைதான் அடித்தளம்.

60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு, கிலோவுக்கு 0.8 கிராம் என்ற பொது அளவில், நாளுக்கு 48 கிராம் புரதம் வேண்டும். 100 கிராம் காய்ந்த பருப்பில் ஏறத்தாழ 24 கிராம். ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் நிலக்கடலையில் 7 கிராமுக்கு மேல். நாள் முழுதும் சாப்பிடும் தானியம் 250 கிராம் என்று வைத்தால் 20 கிராம் கிடைக்கும். அளவு தாண்டிவிட்டது, காய்கறியைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

மண்ணுக்கும் இதில் லாபம் இருக்கிறது. பயறுச் செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் சிறு சிறு முடிச்சுகள் தெரியும். அவற்றில் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. யூரியா குறைவாகப் போட்டால் போதும். போடும் உரத்தில் செடி எடுத்துக்கொள்ளாதது நீரில் கரைந்து ஆற்றுக்குப் போகிறது, கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடாக மாறிக் காற்றில் ஏறுகிறது. அந்த வாயு கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 270 மடங்கு சூடேற்றும்.

சமையலில் ஒரே ஒரு பழக்கம் போதும். வாரத்துக்கு ஒரு நாள் இரவு இரண்டு பெரிய பாத்திரங்களில் கடலையோ பயறோ ஊறவையுங்கள். தண்ணீர் கடலைக்கு மேல் நான்கு விரல் நிற்கட்டும், காலையில் பார்த்தால் பெரும்பகுதியைக் குடித்து இரண்டு மடங்காகியிருக்கும். மிஞ்சிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைக்கவும். ஒன்றை எடுத்து விரலால் நசுக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளி இல்லாமல் மசிய வேண்டும். ஆறியதும் ஒருவேளை அளவாகப் பிரித்து ஃப்ரீசரில் வைத்தால், அலுத்து வீடு திரும்பும் நாளில் பத்து நிமிடத்தில் சாப்பாடு தயார். சிவப்பு ராஜ்மாவில் மட்டும் கவனம் தேவை. சரியாக வேகாவிட்டால் அதிலுள்ள நச்சு வாந்தி வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். கொதி வந்தபின் அரைமணி நேரம் தளதளவென்று கொதிக்கட்டும். மெதுவாகச் சமைக்கும் மின்பாத்திரத்தில் பச்சையாகப் போடவே கூடாது, அந்தச் சூடு நச்சை முறிக்காது.

வயிறு உப்புசமாக இருக்கிறது என்பார்கள். உண்மைதான். முதல் இரண்டு வாரம் சிறு அளவில் தொடங்கி ஏற்றிக்கொண்டே போனால் குடல் பழகிவிடும்.

நான்காவது: பால்

பலருக்கு இறைச்சியைவிடப் பாலை விடுவதுதான் கஷ்டம். எனக்கும் அப்படித்தான். ஒரு லிட்டர் மாட்டுப்பாலுக்குச் சராசரி 3.2 கிலோ வாயு, 9 சதுர மீட்டர் நிலம், 628 லிட்டர் நீர். ஓட்ஸ் பாலுக்கு 0.9 கிலோ, நிலம் ஒரு சதுர மீட்டருக்கும் குறைவு, நீர் 48 லிட்டர். சோயா பால் ஒரு கிலோ, நீர் 28 லிட்டர். பாதாம் பால் வாயுவில் இவற்றைவிடக் குறைவு, 0.7 கிலோதான். ஆனால் 371 லிட்டர் நீர் குடிக்கிறது, அதுவும் தண்ணீர்த் தட்டுப்பாடுள்ள இடங்களில் விளைந்தால் கேட்கவே வேண்டாம். தினம் அரை லிட்டர் பால் குடிக்கும் ஒருவர் ஓட்ஸ் பாலுக்கு மாறினால் வருடத்துக்கு 400 கிலோவுக்கு மேல் மிச்சம். பாதாம்கூட மாட்டுப்பாலைவிட எல்லாவற்றிலும் தேவலை. என் தேர்வு சோயா, காரணம் புரதம். மற்ற இரண்டிலும் புரதம் கொஞ்சம்தான்.

காபியில் சோயா பால் திரிந்துபோவதைப் பார்த்து மனம் நொந்தவர்கள் பலர். கொதிக்கிற காபியில் குளிர்ந்த சோயா பாலை ஊற்றியதும் வெள்ளைத் துணுக்குகள் மிதக்கும். கெட்டுப்போய்விட்டது என்று நான் மூன்று முறை கொட்டியிருக்கிறேன். கெடவில்லை. காபியின் புளிப்பும் சூடும் சேர்ந்து சோயாப் புரதத்தைத் திரட்டிவிடுகின்றன, டோஃபு செய்வதும் ஏறக்குறைய இப்படித்தான். பாலைத் தனியாகச் சூடாக்கிக் கோப்பையில் முதலில் ஊற்றுங்கள். காபியை ஒரு நிமிடம் ஆறவிட்டு அதன்மேல் மெதுவாகச் சேருங்கள். ஓட்ஸ் பாலில் இந்தத் தொல்லை குறைவு.

வாங்கும்போது சர்க்கரை சேர்க்காததா, கால்சியம் சேர்த்ததா என்று பாருங்கள். சேர்த்த கால்சியம் அடியில் படிந்துவிடும், ஊற்றுவதற்கு முன் பெட்டியை நன்றாகக் குலுக்க வேண்டும். குலுக்காமல் குடித்தால் கால்சியத்தைக் குப்பையில் போட்ட மாதிரி.

ஐந்தாவது: பி12, இதில் பேரம் கிடையாது

வைட்டமின் பி12ஐத் தாவரங்கள் உருவாக்குவதில்லை, பாக்டீரியாதான் உருவாக்குகிறது. ஸ்பைருலினா என்ற பாசிப் பொடியில் இருக்கிறது, கழுவாத கீரையில் இருக்கிறது என்றெல்லாம் சொல்வார்கள், நம்பாதீர்கள். ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பாலும் நம் உடம்புக்குப் பயன்படாத போலி வடிவம். குறைபாடு உடனே தெரியாது, ஈரலில் சேர்த்துவைத்தது சில வருடம் தாங்கும். பிறகு கை கால் மரத்துப்போவது, மறதி, இரத்தசோகை என்று வரும். நரம்புப் பாதிப்பு முழுதாகச் சரியாகாமலும் போகலாம். பால் வகைகளை நிறுத்தும் வாரத்திலேயே மாத்திரையைத் தொடங்குங்கள். தினமும் 10 மைக்ரோகிராமோ, வாரம் ஒருமுறை 2,000 மைக்ரோகிராமோ பொதுவாகச் சொல்லும் அளவு. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள் என்றால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

மற்றவை சுலபம். பருப்போடு எலுமிச்சையோ தக்காளியோ சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் அது தடைபடும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். அயோடின் கலந்த உப்பு, ஆளிவிதைப் பொடி ஒரு கரண்டி, கொஞ்சம் வெயில்.

ஆறாவது: எதற்கு அலட்டிக்கொள்ள வேண்டாம்

உணவு எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்று பலர் கவலைப்படுகிறார்கள். உணவுக்கான மொத்த வாயுவில் போக்குவரத்தின் பங்கு 6 சதவீதம் போலத்தான். கப்பலில் வந்த பருப்பு பக்கத்துப் பண்ணை மாட்டிறைச்சியைவிட எவ்வளவோ மேல். விமானத்தில் வரும் சீக்கிரம் வாடும் பழம், காய் மட்டும் விதிவிலக்கு, அதைத் தவிர்க்கலாம். பாக்கெட்டில் 'பால் கலந்திருக்கலாம்' என்று போட்டிருப்பது ஒவ்வாமை உள்ளவர்களுக்கான எச்சரிக்கை. அதே இயந்திரத்தில் வேறு பொருளும் ஓடுகிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். கேசீன், வே (இரண்டும் பாலிலிருந்து வருபவை), ஜெலட்டின் (விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து வருவது) என்ற பெயர்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், கடைசிக் கட்டத்தில் உதவும்.

அலட்டிக்கொள்ள வேண்டியது வீணாக்குவதைப் பற்றி. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் கணக்குப்படி 2022இல் மட்டும் வீடுகள், உணவகங்கள், கடைகளில் 105 கோடி டன் உணவு வீணானது, அதில் 60 சதவீதம் வீடுகளில். மாறிய ஜோரில் வண்டி நிறையக் கீரை வாங்கி அழுகவிடுவது புதியவர்களின் வழக்கம். நானும் அழுகவிட்டிருக்கிறேன். காய்ந்த பருப்பும் கடலையும் அழுகாது, அதுவே ஒரு சௌகரியம்.

பிறர் வீட்டில், வெளியில்

அழைத்தவர்களிடம் இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுங்கள், நாலு பேருக்குப் போதுமான ஒரு பதார்த்தத்தையும் நீங்களே கொண்டுபோங்கள். சாப்பாட்டு நேரத்தில் மீத்தேன் பற்றிப் பேச வேண்டாம். யாராவது கேட்டால் மட்டும், கேட்ட அளவுக்கு. தவிர்க்க முடியாமல் ஒருவேளை பால் சேர்ந்ததைச் சாப்பிட்டுவிட்டால், அன்றோடு எல்லாம் போச்சு என்று கைவிடாதீர்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பிரிட்டனில் 55,504 பேரின் உணவை ஆராய்ந்து 2023இல் வெளியிட்டார்கள். தினம் 100 கிராமுக்கு மேல் இறைச்சி சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால், வீகன்களின் உணவு பசுங்குடில் வாயு, நீர் மாசு, நிலம் மூன்றிலும் சுமார் 75 சதவீதம் குறைந்த பாதிப்பையே உண்டாக்கியது. இடையில் இருந்தவர்கள், கொஞ்சமாக இறைச்சி சாப்பிட்டவர்கள் உட்பட, படிப்படியாக இடையிலேயே நின்றார்கள். குறைத்த அளவுக்குப் பலன் உண்டு.

மூன்று மாதம் கழித்து

பழைய நோட்டை எடுத்து, மறுபடி ஒரு வாரம் எழுதுங்கள். சிவப்பும் ஆரஞ்சும் எவ்வளவு மிச்சம் என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வருடம் ஒருமுறை இரத்தப் பரிசோதனையில் பி12, இரும்பு இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். இப்போது வேண்டுமானால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கத் தொடங்கலாம். என் இரண்டாவது நோட்டில் ஒரே ஒரு வரிதான் திரும்பத் திரும்ப வந்தது: 'மாலை வெண்ணெய் பிஸ்கட் நான்கு.' அது இரண்டாகி, ஒன்றாகி, இல்லாமல் போக மேலும் ஐந்து மாதம் ஆயிற்று.